மீன் தொட்டியில் பாக்டீரியா நோய்: கண்டுபிடிப்பது, அடக்குவது, வராமல் பார்ப்பது

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கி வந்த கப்பி மூன்றாம் நாளே தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. உதட்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. "பூஞ்சை பிடிச்சிருக்கு, நீல மருந்து ஊத்தி ஹீட்டரைக் கூட்டி வைங்க" என்று யாராவது சொல்வார்கள். அப்படியே செய்தால் இரண்டு நாளில் பாதி மீன் போய்விடும். நீல மருந்து, அதாவது மெத்திலின் புளூ, பூஞ்சையைத்தான் அடக்கும். உதட்டில் தெரியும் அந்த வெள்ளை பெரும்பாலும் பூஞ்சையே இல்லை. அது காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா நோய். ஹீட்டர் சூடு அதற்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடும்.

வீட்டில் புதிதாக நன்னீர் மீன் வளர்ப்பவர்களுக்காக எழுதியது இது. கப்பி, மோலி, சண்டைமீன், தங்கமீன், ஏஞ்சல், கௌராமி, ஃபிளவர்ஹார்ன் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில் மீன் டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார். ஊரில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டே முதல் இரண்டு நாளைச் சமாளிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மீன் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அந்த இரண்டு நாளில்தான் முடிவாகிறது.

கிருமி பெரும்பாலும் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது

ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எந்தத் தொட்டியிலும் எப்போதும் உண்டு. கல்லுக்கடியில் தேங்கிய கழிவிலும் ஃபில்டர் சேற்றிலும் அவை வாழ்கின்றன. மீனின் உடம்பை மூடியிருக்கும் வழுவழுப்புப் படலமும் செதிலும்தான் அவற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா செவுளை அரித்தாலோ, வலை உரசிச் செதில் பெயர்ந்தாலோ, பெரிய மீன் வாலைக் கடித்தாலோ கிருமிக்கு வாசல் திறந்துவிடும். அதனால்தான் ஒரே தொட்டியில் பத்து மீன் இருந்தும் முதலில் ஒன்று மட்டும் விழுகிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுத் தண்ணீரை அப்படியே விட்டால் அடுத்த வாரம் இரண்டாவது விழும்.

ஆக, மருந்துக்கு முன்னால் காசு போட வேண்டியது தண்ணீர் சோதனைக் கிட்டில். துளித்துளியாக விட்டு நிறம் பார்க்கும் திரவக் கிட் நல்லது. காகிதப் பட்டை அவசரத்துக்கு ஆகும், ஆனால் பல பட்டைகளில் அம்மோனியா சோதனையே இருக்காது. நமக்கு முதலில் தெரிய வேண்டியதோ அதுதான். இருக்க வேண்டிய அளவு: அம்மோனியா 0, அது உடைந்து வரும் நைட்ரைட் 0, அதற்கடுத்த நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு) கீழே, முடிந்தால் 20. பிஎச் எண் 6.5க்கும் 8க்கும் இடையில் எதுவானாலும் பரவாயில்லை, நாளுக்கு நாள் குதிக்காமல் இருந்தால் சரி. கூடவே ஒரு தெர்மாமீட்டரும், கிராம் காட்டும் சமையல் தராசும் வேண்டும்.

தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்பதையும் இன்றே கணக்குப் போட்டுக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுக்க வேண்டும். இரண்டு அடித் தொட்டி 60க்கு 30, தண்ணீர் 26 சென்டிமீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய 47 லிட்டர். கல் இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். பெட்டியில் போட்டிருக்கும் கொள்ளளவை நம்பி மருந்து போட்டால் அளவு கூடிவிடும்.

கண்ணால் பிரித்தறிவது

தீனி போடும் நேரம்தான் பார்க்கச் சரியான நேரம். எது ஓடி வரவில்லை, எது தீனியை வாயில் வாங்கித் துப்புகிறது, எது துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறது என்று இரண்டு நிமிடம் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி விளக்கைத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் மறையும் மெல்லிய படலம் சாய்ந்த வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும்.

காலம்நாரிஸ்: ஃபிளேவோபாக்டீரியம் காலம்நேர் என்ற கிருமியால் வருவது. உதட்டில் வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பூச்சு. முதுகுத் துடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் இறங்கும் வெளிறிய பட்டை. சில சமயம் விளிம்பில் லேசான மஞ்சளோ சிவப்போ. செவுளைத் தாக்கினால் வெளியில் ஒன்றும் தெரியாது. மீன் மேலே வந்து வேகமாக மூச்சு வாங்கும், மறுநாள் செத்துக் கிடக்கும். தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டிய தொட்டியில் வீரியமான வகை ஒரே நாளில் மீனைக் கொன்றுவிடும்.

பூஞ்சையிலிருந்து பிரிக்க ஒரு வழி உண்டு. ஏர் பம்ப்பின் குமிழி ஓட்டம் மீனின் மேல் படும்போது அந்த வெள்ளையை உற்றுப் பாருங்கள். பூஞ்சை நீண்ட இழைகளாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஓட்டத்தில் அசையும். அதுவும் பழைய காயத்தின் மேல் அல்லது செத்த முட்டையின் மேல்தான் வளரும். காலம்நாரிஸ் தோலோடு ஒட்டித் தட்டையாகப் படர்ந்திருக்கும், அசையாது. பூஞ்சை பரவ நாள் எடுக்கும். காலையில் உதட்டில் இருந்த வெள்ளை மாலையில் கன்னம் வரை வந்துவிட்டதென்றால் வேறு யோசனை வேண்டாம், காலம்நாரிஸ்தான்.

வெண்புள்ளி நோயையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது ஒட்டுண்ணி, பாக்டீரியா இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய, தனித்தனியான, விளிம்பு தெளிவான புள்ளிகள் துடுப்பிலும் உடம்பிலும் தெரியும். மீன் கல்லில் உரசும். அதற்குத் தண்ணீரைச் சூடாக்குவது வழக்கமான சிகிச்சை. காலம்நாரிஸுக்கு அதே சூடு எமன். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வதுதான் புதியவர்கள் செய்யும் மிக விலையான பிழை.

துடுப்பு அழுகல்: வால் ஓரம் முதலில் பால் நிறமாகி, பிறகு கிழிந்து, அடிப்பக்கம் நோக்கித் தேய்ந்துகொண்டே போகும். விளிம்பு வெள்ளையாகவோ கருத்தோ சிவந்தோ இருந்தால் அழுகல். விளிம்பு சுத்தமாக, வெட்டிய மாதிரி இருந்தால் வேறு மீன் கடித்தது. நீள வால் சண்டைமீன் தன் வாலைத் தானே கடித்துக்கொள்வதும் உண்டு.

ஏரோமோனாஸ் தொற்று: வயிற்றிலும் துடுப்பு அடியிலும் சிவப்புக் கோடுகள், செதில் உதிர்ந்த இடத்தில் குழிவான புண். தங்கமீனில் அதிகம் காணலாம். ஒரு எச்சரிக்கை: அம்மோனியா ஏறினாலும் வெள்ளை வாலில் இரத்தக் கோடு தெரியும். அளந்து பார்க்காமல் இதைத் தொற்று என்று முடிவு கட்டக் கூடாது.

உடல் வீக்கம்: வயிறு உப்பி, மேலிருந்து பார்த்தால் செதில்கள் அன்னாசிப்பழத் தோல் மாதிரி நிமிர்ந்து நிற்கும். இது தனி நோய் இல்லை. சிறுநீரகம் வேலை நிறுத்தியதால் உள்ளே நீர் சேர்ந்ததன் அடையாளம், பெரும்பாலும் கடைசிக் கட்டம். செதில் நிமிராமல் வயிறு மட்டும் பெருத்திருந்தால் முட்டையாகவோ மலச்சிக்கலாகவோ இருக்கலாம்.

கண் பிதுங்கல்: ஒரு கண் மட்டும் என்றால் அநேகமாக அடிபட்டது, நல்ல தண்ணீரில் தானே ஆறும். இரண்டு கண்ணும் என்றால் உள்ளே தொற்று. இரண்டு கண்ணும் பிதுங்கி மீன் சுழன்று சுழன்று நீந்தினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கக்கூடும். வளர்ப்புத் திலாப்பியாவைக் கொல்லும் அதே குடும்பம்.

மீன் காசநோய் மெதுவாக வரும்: நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது, முதுகு வளைவது, ஆறாத புண், மாதம் ஒன்று என்று சாவது. இதைப் பற்றிக் கடைசியில்.

முதல் ஒரு மணி நேரம்

சோதனைக் கிட்டை எடுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் நோயின் வேர் அங்கே இருக்கிறது. தெரியாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவது நல்லதே. அம்மோனியா ஏறியிருந்தால் பாதி மாற்றுங்கள். பிஎச் 6க்குக் கீழே இறங்கிய தொட்டிக்கு மட்டும் இந்த இரண்டும் வேண்டாம், அதற்கான வழி கீழே மழைநீர் பற்றிச் சொல்லும் இடத்தில் இருக்கிறது. குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இழுக்க வேண்டாம். குழாயைத் தொட்டிக்குள் முழுக்க அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் மூடி வெளியே எடுத்தால் தானே ஓடும்.

புதுத் தண்ணீரில் குளோரின் முறிய வேண்டும். கடையில் ஆண்ட்டி குளோரின் என்று விற்கும் வெள்ளைப் படிகம் சோடியம் தயோசல்ஃபேட். 20 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் வாளிக்கு இதில் 10 மில்லி போதும். குழாய் நீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்து வந்தால் இந்தப் படிகம் குளோரினை முறித்து அம்மோனியாவை விட்டுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் அம்மோனியாவையும் கட்டும் கண்டிஷனர் வாங்க வேண்டும். முறித்த வாளி நீரில் அம்மோனியா சோதனை போட்டுப் பார்த்தால் உங்கள் வீட்டு நீர் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, நோய் மீனைத் தனியே எடுப்பது. கண்ணாடித் தொட்டி தேவையில்லை, 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி போதும். அதில் ஏர் பம்ப்போடு ஒரு ஸ்பஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, மேலே மூடி. கல்லும் செடியும் வேண்டாம். பெரிய தொட்டியில் ஒரு ஸ்பஞ்ச்சை எப்போதும் கூடுதலாக ஓட விட்டிருந்தால் அவசரத்தில் அதையே எடுத்து வைக்கலாம். கழிவை உடைக்கும் நல்ல பாக்டீரியா அதில் ஏற்கெனவே குடியிருக்கும். வலையால் துரத்த வேண்டாம். ஒரு குவளையைத் தண்ணீருக்குள் சாய்த்து மீனை உள்ளே ஓட்டினால் செதில் உரசாது.

காற்றைக் கூட்டுங்கள். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.6 தான். செவுள் பாதித்த மீனுக்கு இந்த வித்தியாசம் பெரியது. காலம்நாரிஸ் என்று சந்தேகம் இருந்தால் ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, வலை போட்டு, மேற்பரப்பில் படும்படி சிறு விசிறியை வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்திலும் இரண்டு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேரே போடாதீர்கள். சட்டென்று குளிர்ந்தால் அந்த அதிர்ச்சியே ஆளை முடித்துவிடும்.

உப்பு. அயோடின் கலக்காத கல்லுப்பு. கரண்டிக் கணக்கு வேண்டாம், கல்லுப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. தனிப் பெட்டியில் லிட்டருக்கு மொத்தம் 3 கிராம்: 20 லிட்டருக்கு 60 கிராம். ஒரே தடவையில் கொட்டாமல் 20 கிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கோரிடோராஸ், லோச், டெட்ரா போன்றவற்றுக்கு லிட்டருக்கு 1 கிராமோடு நிறுத்துங்கள். உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றியதற்கு வெறும் நீரை ஊற்றுங்கள். எடுத்து மாற்றிய நீருக்கு மட்டும் அதே விகிதத்தில் உப்பு சேருங்கள். இதை மறந்து தினமும் உப்புப் போட்டால் அளவு கூடிக்கொண்டே போகும்.

அன்று தீனி வேண்டாம். மறுநாள் கொஞ்சமாக, சாப்பிட்டால் மட்டும்.

ஆரம்ப நிலைத் துடுப்பு அழுகலுக்கு இவ்வளவே போதும். சுத்தத் தண்ணீர், உப்பு, தினம் கால் பங்கு நீர் மாற்றம். ஒரு வாரத்தில் வால் விளிம்பில் கண்ணாடி மாதிரி நிறமில்லாத புது சவ்வு வளரும். அதைப் பார்த்து நோய் பரவுகிறது என்று மருந்தைக் கூட்டிவிடாதீர்கள். குணமாவதன் அறிகுறியே அதுதான்.

கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை பற்றிப் பலரும் கேட்பார்கள். தானே உதிர்ந்து காய்ந்த இலை ஒன்று, 20 லிட்டருக்கு. பூச்சிமருந்து அடிக்காத மரமாக இருக்க வேண்டும். நீரைக் கொஞ்சம் அமிலமாக்கும், சண்டைமீனுக்கு இதமாக இருக்கும். ஆனால் உதட்டில் காலம்நாரிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இலையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது மீனைக் கைவிடுவதற்குச் சமம்.

ஆன்டிபயாட்டிக் எப்போது

காலம்நாரிஸ் உறுதியானால், புண் ஆழமாகிக்கொண்டே போனால், இரண்டு மூன்று மீன் அடுத்தடுத்து விழுந்தால், உப்பு மட்டும் போதாது. மலேசியாவில் ஆன்டிபயாட்டிக் 1952ஆம் ஆண்டு விஷப்பொருள் சட்டத்துக்குக் கீழ் வருகிறது. மருத்துவர் அல்லது கால்நடை மருத்துவர் சீட்டு வேண்டும். ஈப்போ, தைப்பிங் பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் எல்லாரும் மீன் பார்ப்பதில்லை. மீன் நோயாகாத இன்றே நான்கு கிளினிக்குக்குப் போன் போட்டு யார் பார்க்கிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விலை கூடிய அரோவானா மாதிரி மீனென்றால் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை வரை கொண்டுபோவதும் நியாயம்தான். பரிசோதனைக்கு நோய் முற்றிய உயிர் மீனே சிறந்தது. அப்போதுதான் செத்தது என்றால் பையில் போட்டு ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோகலாம். ஃபிரீஸரில் உறைந்த மீனில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது கடினம்.

வீட்டில் மிஞ்சிய அமோக்ஸிசிலின் மாத்திரையை உடைத்துப் போடும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாவுக்கு அந்த வகை மருந்தை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே உண்டு. மாத்திரையும் வீண், அம்மோனியாவை உடைக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிபடலாம். எரித்ரோமைசின் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக்கு. துடுப்பு அழுகல், காலம்நாரிஸ், ஏரோமோனாஸ் மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் வேறு வகைக் கிருமிகள், அங்கே அது உதவாது. ஆக்ஸிடெட்ராசைக்ளின் கடின நீரில் கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் ஒட்டிக்கொண்டு பயன் இழக்கும். ஈப்போ வட்டாரச் சுண்ணாம்புக் குன்றுகளின் ஓரத்தில் கிணற்று நீர் பயன்படுத்துபவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அளவோ மருந்தோ மாறும்.

கடையில் கிடைக்கும் மஞ்சள் பொடியில் பெரும்பாலும் அக்ரிஃபிளேவின் அல்லது நைட்ரோஃபுரான் வகை மருந்து இருக்கும். தோலிலும் துடுப்பிலும் உள்ள வெளித்தொற்றுக்கு இரண்டும் ஓரளவு உதவும், உடம்புக்குள் போன தொற்றுக்கு உதவாது. உள்ளே என்ன என்று எழுதாத பாக்கெட்டை வாங்காதீர்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக் கலக்குங்கள். சாப்பிடும் மீன் இருக்கும் குளம், தொட்டி பக்கமே இதைக் கொண்டுபோகக் கூடாது.

மருந்து எதுவானாலும் போடும் முறை ஒன்றுதான். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். யூவி விளக்கை அணையுங்கள். தொட்டி விளக்கையும் அணைப்பது நல்லது, ஆக்ஸிடெட்ராசைக்ளினும் நைட்ரோஃபுரானும் வெளிச்சத்தில் சிதையும். அளவை உண்மையான லிட்டர் கணக்குக்குப் பெருக்கி, ஒரு குவளை தொட்டி நீரில் முழுக்கக் கரைத்து, ஏர் பம்ப் குமிழி எழும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். அடுத்த அளவுக்கு முன் கால் பங்கு நீர் மாற்றுங்கள். அம்மோனியாவைத் தினமும் பாருங்கள். மருத்துவர் சொன்ன நாள் கணக்கை முழுக்க முடியுங்கள். மூன்றாம் நாள் மீன் துள்ளுகிறது என்று நிறுத்தினால் மிச்சமிருப்பது மருந்துக்குப் பழகிய கிருமிதான். இரண்டு மருந்தை ஒரே நேரத்தில் கலப்பதும் வேண்டாம்: ஒன்றையொன்று முறிக்கலாம், எது வேலை செய்தது என்றும் தெரியாது.

உடம்புக்குள் தொற்று என்றால் தண்ணீரில் போடும் மருந்தைவிடத் தீனியில் கலந்த மருந்து நன்றாகச் சேரும். மருத்துவர் கொடுத்த பொடியை ஒரு வாரத் தீனிக்கு அளந்து, சில துளி சமையல் எண்ணெய் விட்டுப் பிசறி, நிழலில் உலர்த்திக் குளிர்பெட்டியில் வைக்கலாம். மீன் சாப்பிடுவதை நிறுத்துவதற்குள் தொடங்கினால்தான் இந்த வழி. அதனால்தான் தீனி நேரத்து இரண்டு நிமிடக் கவனிப்பு அவ்வளவு முக்கியம்.

வீக்கத்துக்கும் கண் பிதுங்கலுக்கும் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்ஃபேட், சமையல் உப்பு இல்லை), லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் போகாமல். வீக்கம் கொஞ்சம் வடியும், கிருமி சாகாது. செதில் முழுக்க நிமிர்ந்து, சாப்பாடும் நின்று, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் மீன் திரும்பி வருவது அரிது. அதை இழுத்தடிக்காமல் முடித்துவைப்பதே இரக்கம். ஃபார்மசியில் பல்வலிக்கு விற்கும் கிராம்பு எண்ணெயை லிட்டருக்கு 0.4 மில்லி வீதம் எடுத்து, சிறு புட்டியில் வெதுவெதுப்பான நீரோடு வெள்ளையாகும் வரை குலுக்கி, மீன் இருக்கும் சிறு பாத்திரத்தில் சேருங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் குறைந்தது பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு புதையுங்கள்.

வராமல் பார்ப்பது

புது மீனை நான்கு வாரம் தனிப் பெட்டியில் வைக்காமல் பெரிய தொட்டியில் விடாதீர்கள். கடையில் ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் பண்ணைக் குளம், மொத்த வியாபாரி, லாரி, பை என்று வந்த மீன் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கும். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். தனிப் பெட்டிக்கென்று தனி வலை, தனி வாளி, தனிக் குழாய். கருவிகளைக் கழுவ, வீட்டு குளோராக்ஸ் (பிளீச்) ஒரு பங்குக்குத் தண்ணீர் இருபது பங்கு, அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, ஆண்ட்டி குளோரின் நீரில் முக்கி, வெயிலில் காயவையுங்கள்.

வாளி விஷயத்தில் தோட்டப்புறத்துக்கென்று ஒரு ஆபத்து உண்டு. களைக்கொல்லி கலந்த வாளி, பம்பு கழுவிய டிரம், எத்தனை முறை அலசியிருந்தாலும், மீனுக்கு வேண்டாம். செம்பனைக்கு உரம் போட்ட பிறகு மழையில் ஓடும் வாய்க்கால் நீரும் வேண்டாம்.

மழைநீர் பிடித்து ஊற்றுபவர்கள் அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மழைநீரில் காரத்தாங்கு சக்தி, அதாவது அமிலம் சேர்ந்தாலும் பிஎச்சை இறங்காமல் பிடித்து வைக்கும் சக்தி, ஏறக்குறைய இல்லை. அதை மட்டும் ஊற்றி வளர்த்தால் மீன் கழிவின் அமிலம் சேரச் சேர பிஎச் சத்தமில்லாமல் இறங்கும். 6க்குக் கீழே போனால் அம்மோனியாவை உடைக்கும் நல்ல பாக்டீரியா வேலையை நிறுத்தும். அம்மோனியா சேரும், ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீன் ஒன்றும் காட்டாது. ஒருநாள் தொட்டி அழுக்காக இருக்கிறதே என்று பாதி நீரை எடுத்துவிட்டுக் குழாய் நீரை ஊற்றுவீர்கள். பிஎச் ஒரு எண் ஏறினால் நச்சு வடிவ அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். அன்றிரவே செவுள் வெந்து, மூன்று நாளில் வால் அழுகத் தொடங்கும். சுத்தம் செய்ததால்தான் நோய் வந்தது என்று வீட்டில் பேச்சு வேறு கேட்க வேண்டியிருக்கும். பழைய தொட்டியை மீட்க தினம் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றி, இரண்டு வாரத்தில் மெல்ல மேலே கொண்டுவாருங்கள். இனி மழைநீரோடு குழாய் நீரைப் பாதிக்குப் பாதி கலந்தே ஊற்றுங்கள். துத்தநாகத் தகடு வேய்ந்த கூரை நீர் மென்மையாக இருக்கும்போது துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு வரும். அது மீன் செவுளுக்கு நஞ்சு.

ஃபில்டர் ஸ்பஞ்ச்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். மழைக்காலத்தில் கரண்ட் நான்கைந்து மணி நேரம் போனால் ஸ்பஞ்ச்சில் காற்றில்லாமல் நல்ல பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் அந்தக் கெட்ட நீர் முழுக்கத் தொட்டிக்குள் போகும். முதலில் பிழிந்துவிட்டு ஓட்டுங்கள். பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

தீனி இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும், வாரத்தில் ஒருநாள் பட்டினி நல்லது. சாக்கடைப் புழுவைக் கழுவிப் போட்டாலும் கிருமி உள்ளே இருக்கும். வீட்டு வாசல் டிரம்மில் கொசுப்புழு வளர்த்து மீனுக்குப் போடலாம் என்றால், மீனுக்கு முன் சுகாதார இலாகா வந்து அபராதச் சீட்டு நீட்டும். டிங்கியும் கூடவே வரும். இரண்டு அடித் தொட்டியில் கப்பி பத்து பன்னிரண்டு சரி. தங்கமீன் அந்த அளவுத் தொட்டிக்குரிய மீனே இல்லை, கடையில் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும்.

உங்கள் கை

மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற மீன் காசநோய்க் கிருமி மனிதர் தோலிலும் தொற்றும். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கைவிட்டால், சில வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ வலியில்லாத சிவந்த முடிச்சு எழும். ஆறாது, சில சமயம் கை நெடுக மேலே ஏறும். சாதாரணக் களிம்புக்கு அடங்காது, மாதக்கணக்கில் மாத்திரை எடுக்க வேண்டிவரும். கிளினிக்கில் மீன் தொட்டி வைத்திருப்பதை நீங்களாகச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் டாக்டருக்குத் தோன்றாது. காயம் இருந்தால் நீள ரப்பர் கையுறை போடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் எப்போதுமே போடுங்கள்.

மீன்களிடம் இந்த நோய்க்கு நடைமுறைச் சிகிச்சை இல்லை. மெலிந்து முதுகு வளைந்த மீனைத் தனியே எடுத்து முடித்துவைத்து, அதே தொட்டியில் அடுத்தடுத்து அப்படியே போனால் தொட்டியைக் கலைத்துவிடுவதே சரி. ஸ்பஞ்ச், கல், செடி, வலை எல்லாவற்றையும் இறுக்கக் கட்டிக் குப்பையில் போடுங்கள். இந்தக் கிருமி குளோராக்ஸுக்குக்கூட எளிதில் அசையாது. கண்ணாடியைக் கழுவித் துடைத்தபின் 70 விழுக்காடு ஆல்கஹால் தடவி உலரவிடுங்கள். தொட்டி நீரில் குளோராக்ஸ் கலந்து ஒரு நாள் வைத்த பிறகு கழிப்பறையில் ஊற்றுங்கள். ஆற்றில் போய்ச் சேரும் வாய்க்காலில் ஊற்ற வேண்டாம், உப்பும் மருந்தும் போட்ட பெட்டி நீரையும் அப்படித்தான்.